வெறும் கொக்கு

அன்புள்ள ஐயா,

வயது 27. சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம். வீட்டிலிருந்தே கணினி வேலை. டோரியன் ஆண்டர்சன் என்ற அமெரிக்கர் 2014ஆம் ஆண்டு முழுக்க சைக்கிளிலும் நடையிலுமாகச் சுற்றி, 600க்கும் மேற்பட்ட பறவை இனங்களைப் பார்த்திருக்கிறார். வரும் ஜனவரியிலிருந்து ஒரு வருடம் தமிழ்நாட்டில் நானும் அப்படிச் சுற்ற நினைக்கிறேன். எந்த பைனாகுலர் வாங்கலாம்? கியர் சைக்கிள் வேண்டுமா? அப்பாவின் பழைய சைக்கிள் இருக்கிறது, பிரேக்தான் பிடிக்காது. எத்தனை இனம் என்று இலக்கு வைக்கலாம்? எங்கள் ஊரில் வெறும் கொக்கும் காக்கையும்தான். வெளியே போனால்தான் உண்டு.

செ.

அன்புள்ள செ.,

கடிதத்தை முதல் தடவை படித்தபோது சந்தோஷம். இரண்டாம் தடவை, முடிவில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்துவிட்டது.

பைனாகுலர் எட்டு மடங்கு போதும். பத்து மடங்கு வாங்கினால் கைநடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். இலக்கு எதுவும் சொல்ல மாட்டேன். ஆண்டர்சன் அந்த வருடம் 28,000 கிலோமீட்டருக்கு மேல் மிதித்தார். அது அவர் கால், அவர் நாடு.

வெறும் கொக்கு என்கிறீர்கள். எந்தக் கொக்கு? அலகும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள், சேற்றில் காலை உதறி உதறி மீனைக் கிளப்புமே, அந்தச் சின்னக் கொக்கா? மாட்டுக்குப் பின்னாலேயே நடந்து வெட்டுக்கிளி பொறுக்கும் உண்ணிக்கொக்கா? கூடு கட்டும் காலத்தில் அதன் தலையிலும் கழுத்திலும் மஞ்சள்பொடியைக் குழைத்துப் பூசியதுபோல் நிறம் ஏறும். அதையாவது பார்த்ததுண்டா? கழுத்து ஒடிந்து மடங்கினாற்போல் தனியாக நிற்கும் பெரிய கொக்கா? வரப்பில் மண்ணோடு மண்ணாக உட்கார்ந்திருந்து, நாம் மிதிக்கப் போகிற நேரத்தில் வெள்ளைச் சிறகை விரித்து எழும்புமே, மடையான், அதுவா? 27 வருடம் அதே கண்மாய்க்கரையில் நடந்துவிட்டு 'வெறும்' என்று எழுத எப்படித்தான் மனசு வந்தது?

உங்களைத் திட்ட எனக்குத் தகுதி இல்லை. உங்கள் வயதில் நானும் வேட்டங்குடிக்குப் போனால்தான் பறவை என்று சைக்கிளை மிதித்தவன். பாதி வழியில் பஞ்சர். உருட்டிக்கொண்டே ஒரு கண்மாய்க்கரைக்கு வந்தேன். மடைப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "எங்க தம்பி போறீக?" என்றார். சொன்னேன். "பறவை பாக்கவா? அதுக்கு ஏன் அம்புட்டுத் தூரம்?"

எதிரே தண்ணீரில் ஏழெட்டு நத்தைகுத்தி நாரைகள் நின்றன. அலகை மூடினாலும் நடுவில் சந்து தெரியும். பாக்குவெட்டியில் வைத்து நெரிப்பதுபோல் அந்தச் சந்தில் நத்தையை வைத்து நொறுக்கும் என்று நானாக நினைத்திருந்தேன். பெரியவர் காலடியில் கிடந்த ஒரு கூட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். உள்ளே ஒன்றுமில்லை, ஆனால் ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லை. "உடைக்காது தம்பி. கீழ் அலகை உள்ள விட்டு அறுத்து உருவிரும்." அப்புறம் இதையும் சொன்னார்: "குஞ்சுக்கு வாய் நல்லா மூடும். வளர வளரத்தான் சந்து விழும்." இரண்டையும் நான் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் படித்தது பல வருடம் கழித்து.

சைக்கிள் என்றதும் பெட்ரோல் மிச்சம், புகை இல்லை என்றுதான் பேசுகிறார்கள். எனக்கு அதெல்லாம் இரண்டாவது. பஸ்ஸில் போயிருந்தால் அந்த மடையை அரை நிமிடத்தில் தாண்டியிருப்பேன். சைக்கிளில் போகிறவனைத்தான் "எங்க போறீக" என்று நிறுத்திக் கேட்கிறார்கள்.

அன்று நான் வேட்டங்குடி போய்ச் சேரவே இல்லை.

ஊரை விட்டுப் போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. கோடியக்கரைக்குப் போங்கள். கூந்தன்குளத்துக்குப் போங்கள், இமயமலையைத் தாண்டி வந்த வரித்தலை வாத்துகள் அங்கே குளிர்காலத்தில் இருக்கும். ஆனால் ஜனவரி மாதம் முழுக்க உங்கள் கண்மாய்க்குத்தான். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்களே, அதில் உங்கள் ஊர்ப் பெயரும் இருக்கட்டும்.

கியர் சைக்கிள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அப்பாவின் சைக்கிளே போதும். பிரேக் கட்டையை மட்டும் இந்த வாரமே மாற்றிவிடுங்கள். மழை பிடித்துவிட்டது, கரையிலிருந்து இறங்கும் இடமெல்லாம் வழுக்கும்.