வாசகர் கேள்வி: குழியை ஆழமாக்கினால் போதாதா?

கேள்வி: கோலார் தங்கச் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை போயும் கட்டுப்படியாகவில்லை என்று 2001-ல் மூடிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் மட்டும் திறந்தவெளியில் தோண்டியே எப்படி லாபம் பார்க்கிறார்கள்? இன்னும் பெரிதாக்குகிறார்களாமே?
— வாசகர், ஆம்பூர்

பதில்: மேற்கு ஆஸ்திரேலியாவில் கல்கூர்லி என்ற ஊரில் உள்ள 'சூப்பர் பிட்' தங்கச் சுரங்கத்தைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கும் 1893-ல் தங்கம் கிடைத்ததிலிருந்து கோலார் மாதிரியே ஆளாளுக்குப் பூமிக்கடியில்தான் வெட்டினார்கள். 1980-களில் ஆலன் பாண்ட் என்ற ஆஸ்திரேலியத் தொழிலதிபர் அந்தத் துண்டு துண்டான குத்தகைகளை வாங்கிச் சேர்க்கப் பார்த்தார், அவரால் முடியவில்லை, 1989-ல்தான் எல்லாம் ஒரே நிர்வாகத்தின்கீழ் வந்தது. இன்று அந்தக் குழி சுமார் மூன்றரை கிலோமீட்டர் நீளம், 600 மீட்டருக்கு மேல் ஆழம்.

லாபம் எங்கே என்றால், அளவில்தான். டன்னுக்கு ஒன்றிரண்டு கிராம் தங்கம் உள்ள பாறையைச் சுரங்கத்துக்குள் ஆள் இறங்கி வெட்டினால் கூலிக்கே காணாது. மேலே வெடிவைத்து, 220 டன்னுக்கு மேல் ஏற்றும் லாரியில் அள்ளினால் கணக்கு மாறும். அப்போதும் ஒரு லோடு தாதில் அரைக்கிலோ தங்கம் தேறினாலே அதிகம், பெரும்பாலான லோடுகள் வெறும் கழிவுப் பாறை!

சரி, ஆழமாக்கினால் போதாதா? போதாது. கடற்கரை மணலில் பள்ளம் தோண்டிப் பாருங்கள், ஆழம் கூடக்கூட வாயும் அகலமாகியே தீரும். படிப்படியாகச் சுவரைச் சரித்து வெட்டாவிட்டால் இடிந்துவிடும், 2018 மே மாதம் கிழக்குச் சுவரில் ஒரு பகுதி சரிந்து, கீழே இருந்த தாதை எடுக்க வழியில்லாமல் அடைத்துவிட்டது. பழைய சுரங்கப் பாதைகள் வேறு அடியில் வெற்றிடமாகக் கிடக்கின்றன, லாரி ஏறுவதற்கு முன்பே துளையிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

இப்போது பெரிதாக்குவது முக்கியமாக ஆலையை. சுரங்கத்தை நடத்தும் நார்தர்ன் ஸ்டார் நிறுவனம் 2023-ல் 150 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்கியது, ஆண்டுக்கு 1.3 கோடி டன் அரைக்கும் ஆலையை 2.7 கோடி டன்னுக்கு உயர்த்த. தங்கம் விலை ஏறினால் நேற்று ஓரமாகக் குவித்து வைத்த மட்டமான பாறையும் தாதாகிவிடுகிறதே, அதை அரைக்க இடம் வேண்டாமா?

கேள்வி: கல்கூர்லியில் தங்கத்தால் ரோடு போட்டார்களாமே, கதையா?
— வாசகி, கரூர்

பதில்: முழுக் கதையில்லை. அங்கே தங்கத்தில் ஒரு பகுதி டெல்லூரியம் என்ற தனிமத்தோடு சேர்ந்து கிடக்கும், பார்த்தால் தங்கம் மாதிரியே தெரியாது. ஆரம்பத்தில் அது தெரியாமல் கழிவென்று ஒதுக்கி, ரோட்டுப் பள்ளத்தை நிரப்பவும் பயன்படுத்தினார்கள். 1896 வாக்கில் விஷயம் தெரிந்ததும் போட்ட ரோட்டையே பெயர்த்தார்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள்.