பிரசவ ஆண்டிலும் 800 பவுண்டு பதிவுக் கட்டணமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் ஒரு கிளினிக்கில் சுயதொழிலாகக் கைரோபிராக்டர் (முதுகெலும்பு, மூட்டு வலிக்குக் கையால் சிகிச்சை தருபவர்) வேலை செய்கிறேன். ஒரு நோயாளிக்கு 45 பவுண்டு வாங்குகிறேன், கிளினிக்குக்கு 40 சதவீதம் போய்விடும். எல்லாச் செலவும் போக ஆண்டுக்கு 32,000 பவுண்டு அளவில் நிற்கும். டிசம்பர் நடுவில் வேலையை நிறுத்துகிறேன், ஜனவரியில் குழந்தை பிறக்கும். அக்டோபரில் வாரம் இரண்டு நாள் மட்டும் திரும்பிப் போவதாக எண்ணம். எங்களைப் பதிவு செய்யும் ஜெனரல் கைரோபிராக்டிக் கவுன்சில் அடுத்த ஆண்டுக்கான 800 பவுண்டை நவம்பர் முடிவதற்குள் கட்டச் சொல்கிறது. தொழில் செய்யாதவர் என்று பதிந்தால் 100 பவுண்டுதான். "வீட்டில் இருக்கும் வருஷத்துக்கு எதற்கு 800?" என்கிறார் கணவர். பிசியோதெரபிஸ்டான என் தோழி 150 பவுண்டுகூடக் கட்டுவதில்லை. என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் வாழ்த்துகள். தோழியோடு ஒப்பிடுவதை விட்டுவிடுங்கள். அவருடைய கவுன்சிலில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான உங்கள் கவுன்சிலில் சில ஆயிரம் பேர்தான். புகார் விசாரணை, வழக்கறிஞர் செலவு எல்லாம் அந்தச் சிறு கூட்டத்தின் தலையில்தான் விழுகிறது. எனக்கும் இது வருத்தம்தான். புதிதாகத் தொழில் தொடங்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய தொகை.

சரி, கணக்குக்கு வருவோம். 800 என்று பார்க்காதீர்கள். இந்தக் கட்டணம் உங்களுக்குத் தொழில் செலவு, வருமானத்திலிருந்து முழுதாகக் கழித்துக்கொள்ளலாம். 20 சதவீத வருமான வரி, 6 சதவீத நேஷனல் இன்சூரன்ஸ் (அரசின் சமூகக் காப்பீட்டுப் பங்களிப்பு), சேர்த்து 26 சதவீதம் மிச்சம். அதாவது 208 பவுண்டு திரும்புகிறது, கைக்காசு 592தான்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று, பணம் எந்தத் தேதியில் போகிறது என்பது. ரொக்க முறையில் கணக்கு வைத்திருந்தால், கட்டிய நாள் எந்த வரி ஆண்டில் (ஏப்ரலில் தொடங்கி அடுத்த ஏப்ரலில் முடிவது) விழுகிறதோ அந்த ஆண்டுக்குத்தான் செலவு போகும். இந்த நவம்பரில் கட்டினால், ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை நீங்கள் நன்றாகச் சம்பாதித்த ஆண்டில் கழியும். இப்போது 100 மட்டும் கட்டிவிட்டு அக்டோபரில் மீதி 700ஐக் கட்ட வேண்டி வந்தால், அது அடுத்த வரி ஆண்டு. வாரம் இரண்டு நாள் வேலையில் அந்த ஆண்டு வருமானம் வரியில்லா வரம்பான 12,570 பவுண்டைத் தாண்டாது என்றே நினைக்கிறேன். தாண்டாவிட்டால் வரியே இல்லை, கழிக்கவும் ஒன்றுமில்லை. 182 பவுண்டு சலுகை வீணாகிவிடும்.

அப்புறம் மெட்டர்னிட்டி அலவன்ஸ், அதாவது அரசு தரும் பிரசவ கால உதவித்தொகை. 39 வாரம் வரும், அதற்கு வரி கிடையாது. அந்தக் காலத்தில் 10 நாள் வரை வேலை செய்தாலும் உதவித்தொகை நிற்காது. கைக்குழந்தையோடு 10 நாளா என்று நினைப்பீர்கள். ஆனால் உங்களையே நம்பி வரும் பழைய நோயாளிகளைக் கோடையில் ஓரிரு சனிக்கிழமை பார்த்தால் அவர்கள் கைவிட்டுப் போக மாட்டார்கள். தொழில் செய்யாதவர் என்று பதிந்துவிட்டால் ஒருவரைக்கூடத் தொட முடியாது.

ஒரு நோயாளிக்கு உங்கள் கையில் 27 பவுண்டு நிற்கிறது. 700 பவுண்டு வித்தியாசத்துக்கு 26 நோயாளிகள் போதும். ஆகவே அக்டோபரில் நிச்சயம் திரும்புவீர்கள் என்றால் இப்போதே 800 கட்டுங்கள். கடன் அட்டையில் போட்டு வட்டி ஏற விடாதீர்கள். அதற்கடுத்த ஆண்டுக் கட்டணத்துக்கு மாதம் 67 பவுண்டு தனிக் கணக்கில் போகும்படி இன்றே ஏற்பாடு செய்யுங்கள்.

ஆனால் அந்த "நிச்சயம்" எவ்வளவு நிச்சயம்? குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்று கணவரோடு உட்கார்ந்து பேசிவிட்டீர்களா? ஊரிலிருந்து அம்மா வருவார் என்று நம்பி, விசா கிடைக்காமல் வீட்டிலேயே இருந்துவிட்ட பெண்களை எனக்குத் தெரியும். நர்சரியில் இடம் உறுதியாகாமல், திரும்புவது ஜனவரிக்குத் தள்ளிப்போகும் போலிருந்தால் கணவர் சொல்வதே சரி, 100 பவுண்டோடு நிறுத்துங்கள். அப்படியானால், இடையில் மனம் மாறினால் எவ்வளவு கட்ட வேண்டும், எத்தனை நாளாகும் என்று கவுன்சிலிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பக்கம் போனாலும் நோயாளிகள் வழக்குப் போட்டால் கைகொடுக்கும் தொழில் காப்பீட்டை அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். இந்த டிசம்பரில் பார்த்த நோயாளி அடுத்த வைகாசியில் வழக்குப் போடலாம். பழைய சிகிச்சைக்கும் பாதுகாப்பு தொடருமா என்று கேட்டுவிட்டு, வீட்டில் இருக்கும் மாதங்களுக்குப் பிரீமியத்தைக் குறைக்கச் சொல்லிப் பாருங்கள்.