பழைய சிடியில் இருக்கும் வானவில் கோப்புகள்: தூக்கிப் போடாதீங்க

அண்ணாச்சி, அம்பாசமுத்திரம் பக்கம் உங்க ஆபீஸில் 2004 முதல் 2009 வரை அடித்த குளத்துப் பாசனக் கோப்புகள் சிடியில் இருக்கு, திறந்தா தமிழுக்குப் பதில் ஆங்கிலக் கிறுக்கலா வருது, ‘பிரிண்ட் எடுத்துட்டு சிடியைக் கழிச்சிரு’ன்னு மேலே சொல்றாங்கன்னு எழுதியிருந்தீங்க. தயவுசெய்து கழிச்சிராதீங்க.

கோப்பு கெடலை. அது வானவில் எழுத்துருவில் அடிச்சதா இருக்கும். ஆங்கில எழுத்துக்கான இடத்தில் தமிழ் வடிவத்தை வச்ச எழுத்துரு அது. 2010-இல் தமிழக அரசு யூனிகோடை (எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாவே தெரியுற பொதுக் குறியீட்டு முறை) தரமா அறிவிக்கும் வரை பல ஆபீஸில் அதுதான். எழுத்துருவை நிறுவினா படிக்கலாம். பிறகு நகலை எழுத்துரு மாற்றி மென்பொருளில் போட்டு யூனிகோடாக்குங்க. கொம்பு வரும் எழுத்துகளில் பிழை விழலாம், அதனால ஊர்ப்பேர், மடைப்பேரையெல்லாம் உள்ளூர் ஆள் ஒருத்தர் சரிபார்க்கணும். மூலக் கோப்பை மட்டும் தொடவே கூடாது.

அதுக்கும் முன்னாடி, இன்னைக்கே, எல்லா சிடியையும் ஹார்டு டிஸ்க்கில் நகலெடுங்க. நம்ம ஊர் வெக்கையில் சிடியில் தகவல் பதியுற சாயம் ரொம்ப நாள் நிக்காது. ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 எண் (கோப்பின் உள்ளடக்கத்தை வச்சுக் கணினி கணக்கிடுற கைரேகை மாதிரி எண்) குறிச்சு வச்சா, பின்னாடி ஒரு எழுத்து மாறினாலும் தெரிஞ்சிரும். ஒரு நகல் ஆத்தங்கரையை விட்டுத் தள்ளி இருக்கட்டும்; 2023 டிசம்பர் தாமிரபரணி வெள்ளத்தை மறக்க முடியுமா?

பிரிண்ட்டில் எக்செல் சூத்திரமும் தேடும் வசதியும் போயிரும். 1993-ஆம் ஆண்டு பொது ஆவணச் சட்டம் மத்திய அரசுக்கானதுதான், ஆனா கணினியில் உருவானதையும் அது ஆவணம்னே சொல்லுது. கழிக்கச் சொன்னா, எந்த விதிப்படின்னு எழுத்தில் உத்தரவு கேளுங்க.