பேசத் தெரிந்தால் போதுமா? மென்பொருள் விற்பனை நேர்காணல்: கேள்வி-பதில்

மென்பொருள் நிறுவனத்தில் வேலை என்றால் நிரல் எழுதுவது மட்டும்தான் என்ற எண்ணம் மாறிவருகிறது. சென்னையில் 2010இல் தொடங்கி 2021இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலான ஃபிரெஷ்வொர்க்ஸும், அதற்கு முன்பே வேரூன்றிய ஸோகோவும் இங்கே இருந்தபடியே உலகெங்கும் விற்கலாம் என்று காட்டிவிட்டன. தொலைபேசியிலும் வீடியோ அழைப்பிலும் விற்கும் இந்த வேலைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் என்னிடம், அதற்கான நேர்காணல் பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே.

பெயின்ட் நிறுவனம் ஒன்றில் டீலர்களிடம் ஆர்டர் எடுக்கிறேன். படித்தது பி.காம். கணினித் துறையே தெரியாத என்னை நேர்காணலுக்காவது அழைப்பார்களா?
– வாசகர், விருதுநகர்

அழைப்பார்கள். மென்பொருளைச் சில வாரங்களில் கற்றுக்கொடுத்துவிடலாம். கூச்சமில்லாமல் பணம் பற்றிப் பேசுவதைக் கற்றுக்கொடுப்பதுதான் கடினம். டீலரிடம் நிலுவை வசூலித்த உங்களுக்கு அது ஏற்கெனவே கைவந்திருக்கிறது. ‘கடின உழைப்பாளி’ போன்ற வரிகளை விண்ணப்பத்திலிருந்து எடுத்துவிடுங்கள். உங்கள் பொறுப்பில் எத்தனை கடைகள், புதிதாகப் பிடித்தவை எத்தனை, இலக்கில் எத்தனை சதவீதம் எட்டினீர்கள், நிலுவை எத்தனை நாளில் வந்தது என்பதை எழுதுங்கள்.

கைவிட்டுப் போன ஒரு டீலரைப் பற்றியும் பேசத் தயாராக இருங்கள். “ஏன் போனார்?” என்று கேட்பார்கள். “விலை அதிகம் என்றார்” என்பதோடு நிறுத்துபவரை நான் தேர்ந்தெடுப்பதில்லை. சரக்கு தாமதமாகப் போயிருக்கலாம், போட்டி நிறுவனம் கூடுதல் நாள் கடன் கொடுத்திருக்கலாம். அதைத் தோண்டிப் பார்த்தவரா என்பதே எனக்கு முக்கியம்.

மூன்றாவது சுற்றில் மேனேஜரே வாடிக்கையாளராக நடித்து, மென்பொருளை விற்றுக் காட்டச் சொன்னார். எல்லா அம்சங்களையும் தடுமாறாமல் சொன்னேன். நிராகரித்துவிட்டார்கள். எங்கே தவறினேன்?
– வாசகி, திருச்சி

எல்லா அம்சங்களையும் சொன்னதில்தான். வாடிக்கையாளருக்கு என்ன வலிக்கிறது என்று தெரிவதற்கு முன்பே மருந்தை எடுத்து நீட்டிவிட்டீர்கள்.

இந்தச் சுற்றை நான் நடத்தும்போது மருந்து மொத்த வியாபாரியாக உட்காருவேன். விற்க வேண்டியது, வாடிக்கையாளர் புகார்களை ஒழுங்குபடுத்தும் மென்பொருள். பெரும்பாலோர் உடனே திரையைப் பகிர்ந்து டெமோவைத் தொடங்கிவிடுவார்கள். அண்மையில் வந்த ஒரு பெண் திரைப் பக்கமே போகவில்லை.

“கடைக்காரர்கள் புகார் சொல்ல வேண்டுமானால் யாரை அழைப்பார்கள் சார்?”

“எங்கள் ஆட்களின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவார்கள்.”

“அந்த ஆள் விடுப்பில் இருந்தால்?”

“மறுநாள் வந்து பார்ப்பார்.”

“அப்படி ஒருநாள் தள்ளிப்போனதால் உங்களுக்கு என்ன நஷ்டம் வந்தது?”

கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். நானும் பேசவில்லை. அந்த அமைதிக்குப் பயந்து பலர் தாங்களே எதையாவது சொல்லி நிரப்பிவிடுவார்கள். அவர் காத்திருந்தார். கடைசியில், காலாவதியான சரக்கைத் திரும்ப எடுக்கத் தாமதித்ததால் ஒரு பெரிய கடையை இழந்த கதையை நானே சொல்லவேண்டியதாயிற்று. அதன் பிறகு அவர் காட்டியது ஒரே ஒரு அம்சம்: ஒருவர் விடுப்பில் இருந்தால் புகார் தானாக அடுத்தவருக்குப் போகும் வசதி. அவரைத் தேர்ந்தெடுத்தோம்.

முடிவெடுப்பவர் யார், பணம் ஒதுக்கியிருக்கிறார்களா, எப்போதைக்குள் வேண்டும் என்பவற்றையும் அறிந்துகொள்ள வேண்டும். ஆனால் படிவம் நிரப்புவதுபோல வரிசையாகக் கேட்காமல் பேச்சின் போக்கில் கேளுங்கள்.

இன்னொன்று. மேனேஜர் இடையில் நிறுத்தித் திருத்தம் சொல்லி, “மறுபடி ஒருமுறை செய்யுங்கள்” என்றால் மனம் தளர வேண்டாம். என் கணக்கில் இரண்டாவது முறைக்குத்தான் அதிக மதிப்பெண். சொன்ன திருத்தத்தை உடனே செய்து காட்டுபவர் வேலையிலும் வேகமாக வளர்வார்.

ஆண்டுக்கு 9 லட்சம் என்றார் ஹெச்.ஆர். நியமனக் கடிதத்தில் நிலையான சம்பளம் 5.4 லட்சம், மீதி இன்சென்டிவ் (இலக்கை எட்டினால் தரும் ஊக்கத்தொகை) என்று இருக்கிறது. ஏமாற்றுகிறார்களா?
– வாசகர், கோவை

இப்படிப் பிரிப்பது இந்தத் துறையின் வழக்கம். முதலிலேயே பிரித்துச் சொல்லாதது அவர்கள் தவறு. மாதம் 45,000 ரூபாய்தான் உங்கள் சம்பளம் என்று வைத்து வாடகையையும் கடன் தவணையையும் கணக்கிடுங்கள். நிறுவனத்தின் பி.எஃப். பங்கும் அதற்குள் அடங்கியிருந்தால் கைக்கு வருவது இன்னும் குறையும்.

கையெழுத்திடும் முன் மேனேஜரிடம் பேசுங்கள். சென்ற காலாண்டில் அவர் குழுவில் எத்தனை பேர் இலக்கை எட்டினார்கள்? புதிதாகச் சேர்பவருக்கு முழு இலக்கு எந்த மாதத்திலிருந்து? வாடிக்கையாளர் பாதியில் விலகினால் கொடுத்த இன்சென்டிவைத் திரும்பப் பிடிப்பார்களா? முதல் கேள்விக்கே மழுப்பினால் அந்த 3.6 லட்சத்தை மறந்துவிட்டு முடிவெடுங்கள். கேட்டால் வேலை போய்விடுமோ என்று அஞ்ச வேண்டாம். பணத்தைப் பற்றித் தெளிவாகப் பேசும் ஆளைத்தானே தேடுகிறார்கள்.

அமெரிக்க வாடிக்கையாளர்களுடன் பேசும் பணி. என் ஆங்கில உச்சரிப்பு தடையாகுமா?
– வாசகி, நாகர்கோவில்

ஆகாது. அமெரிக்கர்போலப் பேச முயலாமல், நிதானமாகவும் தெளிவாகவும் பேசுங்கள். நீங்கள் விசாரிக்க வேண்டியது வேலை நேரத்தை. நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் கோடையில் நமக்கு மாலை 6.30, நவம்பரிலிருந்து மார்ச் வரை 7.30. கலிஃபோர்னியா என்றால் மேலும் மூன்று மணி நேரம் தள்ளிப்போகும். இரவில் வீடு திரும்ப வண்டி தருகிறார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

நான்கு சுற்று முடித்தேன். மென்பொருளை விற்க வாய்ப்புள்ள 50 நிறுவனங்களின் பொறுப்பாளர்கள், தொடர்பு விவரங்கள் அடங்கிய பட்டியல் கேட்டார்கள், தயாரித்துக் கொடுத்தேன். பிறகு பதிலே இல்லை.
– வாசகர், மதுரை

படிக்கவே கோபம் வருகிறது. நான்கைந்து நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து, ஏன் அவற்றை அணுகுவீர்கள் என்று எழுதச் சொன்னால் அது தேர்வு. 50 பேரின் விவரத்தைக் கேட்பது சம்பளமில்லா வேலை. இனி ஐந்தை மட்டும் ஆழமாகச் செய்துகொடுத்து, மற்றவற்றை எப்படித் தேடுவீர்கள் என்பதை நேரில் விளக்குவதாகச் சொல்லுங்கள். இந்த நிறுவனத்துக்கு ஒரே ஒரு நினைவூட்டல் மின்னஞ்சல் போதும். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

தாய்லாந்து ஐ.டி. நிறுவனத்தில் ‘டிஜிட்டல் சேல்ஸ் எக்சிகியூட்டிவ்’ வேலை. டெலிகிராமில் பத்து நிமிட நேர்காணலில் தேர்வாகிவிட்டேன். டிக்கெட் அனுப்புகிறோம், சுற்றுலா விசாவில் வாருங்கள் என்கிறார்கள். போகலாமா?
– வாசகர், சிவகங்கை

போகாதீர்கள். 2022 செப்டம்பரில் நம் வெளியுறவு அமைச்சகம் ஏறக்குறைய இதே பதவியைக் குறிப்பிட்டு எச்சரித்தது. தாய்லாந்தில் வேலை என்று அழைத்துப்போகப்பட்டவர்கள் சட்டவிரோதமாக எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள்.

உண்மையான நிறுவனம் எதுவும் விற்பனைக்கு ஆள் எடுக்கப் பத்து நிமிடத்தில் முடிவு செய்வதில்லை. வேலைக்கு வருபவரைச் சுற்றுலா விசாவில் வரவழைப்பதும் இல்லை. முகவர் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். நிறுவனத்தைப் பற்றித் தாய்லாந்திலுள்ள இந்தியத் தூதரகத்துக்கு எழுதிக் கேட்கலாம். ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் இன்றே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்துப் புகார் கொடுங்கள். பாஸ்போர்ட்டை மட்டும் யாரிடமும் ஒப்படைத்துவிடாதீர்கள்.