வாசகர் கேள்வி – பதில்: லண்டனில் சோன் வீடு

கேள்வி: லண்டன் போகிறோம். மகள் கட்டடக்கலை படிக்கிறாள். சர் ஜான் சோன் அருங்காட்சியகத்துக்கு எப்போது போனால் நல்லது? எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

பதில்: காலை பத்து மணிக்கே வாசலில் இருங்கள். புதன் முதல் ஞாயிறு வரை 10 மணியிலிருந்து 5 மணி வரை திறந்திருக்கும். நுழைவு இலவசம். ஹோல்பர்ன் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தால் சில நிமிடங்களில் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் சதுக்கம். அதில் 13ஆம் எண் வீடு. கட்டடக் கலைஞர் சோன் வாழ்ந்த வீடுதான் இப்போது அருங்காட்சியகம். ஒரு நேரத்தில் குறிப்பிட்ட அளவு ஆட்களைத்தான் உள்ளே விடுவார்கள் என்பதால், மதியத்துக்கு மேல் வரிசை நீளும்.

காலையில் போகச் சொல்வதற்கு வரிசை மட்டும் காரணமில்லை. சோன் இந்த வீட்டைப் பகல் வெளிச்சத்தை நம்பிக் கட்டினார். கூரைத் திறப்புகளில் மஞ்சள் கண்ணாடி பதித்திருக்கிறார். லண்டனின் சாம்பல் நிற வானம்கூட அதன் வழியே இளவெயிலாக இறங்கும். டிசம்பரில் அங்கே நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். மூன்றரைக்கு நுழைபவர்கள் சிலைகளைப் பார்ப்பார்கள், வெளிச்சத்தைப் பார்க்க மாட்டார்கள். இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முதுகுப் பையைத் தங்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள். நடைகள் குறுகலானவை, தோள் உயரத்தில் இருபுறமும் பழைய கல் துண்டுகள், பூச்சாடிகள். திரும்பும்போது பை இடித்தால் கதை முடிந்தது.

கேள்வி: உள்ளே பொருள்களுக்குப் பக்கத்தில் பெயரோ விளக்கமோ இல்லை என்கிறார்களே? எதைப் பார்ப்பது என்று எப்படித் தெரியும்?

பதில்: உண்மைதான், மிகக் குறைவு. சோன் 1837இல் இறந்தார். அதற்கு முன்பே, 1833இல், வீட்டைக் கூடியவரை தாம் விட்டுச் செல்லும் நிலையிலேயே காக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் நிறைவேறச் செய்துவிட்டார். அதனால் அட்டைகளைத் தேடாமல், அறையின் பணியாளரைக் கேளுங்கள். நன்றாகவே சொல்வார்கள்.

மகள் தவறவிடக் கூடாத இடம் காலை உணவு அறை. சிறிய அறைதான். நடுவில் தட்டையான ஒரு குவிமாடம், குடை பிடித்ததுபோல. ஆனால் இரண்டு பக்கம் அது சுவரைத் தொடுவதில்லை. இடைவெளியில், கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் கூரைக் கண்ணாடி; அங்கிருந்து வெளிச்சம் சுவரில் வழிந்து இறங்கும். குவிமாடத்தில் புடைத்த வட்டக் கண்ணாடிகள், வண்டியின் பக்கக் கண்ணாடி மாதிரி. முழு அறையும் அவற்றில் சுருங்கித் தெரியும். முதலில் மேசைப் பக்கம் நின்று மேலே பாருங்கள். பிறகு ஓரத்துக்கு நகர்ந்து இடைவெளியை அண்ணாந்து பாருங்கள். அந்த ஓரடி நகர்தலில்தான் சூட்சுமம் பிடிபடும்.

அடுத்து ஓவிய அறை. ஏறத்தாழ நான்கு மீட்டர் சதுரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். சுவர்கள் கதவுபோலக் கீலில் திறக்கும், உள்ளேயும் படங்கள். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் ஹோகார்த், ஓர் ஊதாரியின் வீழ்ச்சியைக் கதையாக வரைந்த ‘எ ரேக்ஸ் ப்ராக்ரஸ்’ தொடரின் எட்டு ஓவியங்களும் இங்கேதான். தெற்குச் சுவர் திறக்கையில் அறையே ஒரு பள்ளத்தின் விளிம்பில் நிற்பது தெரியும். இந்தச் சுவர்ப் பலகைகளைப் பணியாளர்தான் திறப்பார். மூடியிருக்கும்போது எட்டிப் பார்த்துவிட்டு ‘பார்த்தாயிற்று’ என்று கிளம்புவோர் ஏராளம். அடுத்து எப்போது திறப்பார்கள் என்று கேட்டுக் காத்திருங்கள்.

நிலவறையில் எகிப்திய மன்னர் முதலாம் சேத்தியின் கல் சவப்பேழை இருக்கிறது. 1824இல் சோன் 2,000 பவுண்டுக்கு வாங்கியது. ஒளி ஊடுருவும் கல். அருகில் நின்று நிமிர்ந்தால் குவிமாடக் கண்ணாடி வரை வீட்டை நெடுக்காக வெட்டிப் பார்த்ததுபோல் இருக்கும். மாணவர்களுக்கு அது நல்ல பாடம்.

கேள்வி: கட்டட மாதிரிகள் உள்ள அறை திறந்திருக்குமா?

பதில்: அது இரண்டாம் மாடியில். பொதுவாக வழிகாட்டியோடு போகும் சுற்றில்தான் காட்டுவார்கள். அன்றைக்குச் சுற்று உண்டா என்று நுழைந்ததும் கேட்டுவிடுங்கள். எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ரோமானிய நகரமான பாம்பேயின் அகழ்வாய்வு அங்கே கார்க்கில் (புட்டி மூடி செய்யும் மரப்பட்டை) செதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. சிதைந்த செங்கல் சுவருக்குக் கார்க்கின் சொரசொரப்பு அப்படியே பொருந்தும். பக்கத்திலேயே வழுவழுப்பான பாரிஸ் சாந்து (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) மாதிரிகள், அதே மாதிரிப் பழங்காலக் கட்டடங்களைச் சிதைவின்றி முழுமையாகக் காட்டும்.