எந்த அட்டை எங்கே செல்லும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் தாயார் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயன் வீட்டைக் காலி செய்துவிட்டு இப்போது என்னுடன் இருக்கிறார். வங்கிக் கணக்குத் தொடங்க ரேஷன் அட்டையையும் பான் அட்டையையும் கொண்டுபோனோம். இரண்டும் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டும் அரசு கொடுத்தவைதானே? ஆதாரிலோ பழைய லயன் முகவரிதான் இருக்கிறது.
– வாசகி, பந்தலூர்

பதில்: அரசு கொடுத்தது என்பதாலேயே ஓர் அட்டை எல்லா இடத்திலும் செல்லும் என்று சட்டம் சொல்லவில்லை. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, கணக்குத் தொடங்குபவரின் அடையாளத்துக்கும் முகவரிக்கும் ஏற்கத்தக்கவை பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, ஆதார், மாநில அரசு அலுவலர் கையெழுத்திட்ட நூறு நாள் வேலை அட்டை, தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டின் கடிதம் ஆகியவையே. பான் அட்டையையும் வங்கி கேட்டு வாங்கும் என்றாலும், அது வருமான வரிக்கான எண். அதில் முகவரியே கிடையாது. ரேஷன் அட்டையை அடையாளச் சான்றாகவோ இருப்பிடச் சான்றாகவோ பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசின் 2015ஆம் ஆண்டுப் பொது விநியோகக் கட்டுப்பாட்டு ஆணையே கூறுகிறது. ஆகவே வங்கி சொன்னது சரி. ஆனால் எது செல்லும் என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். மலையில் ஒரு முறை வங்கிக்குப் போய்வந்தால் ஒரு நாள் வேலை போய்விடுகிறது.

அதே ரேஷன் அட்டை வேறோர் இடத்தில் உங்களுக்குக் கைகொடுக்கும். குடும்பத் தலைவரின் ஒப்புதலோடு ஆதார் முகவரியை மாற்றும் வழி 2023 முதல் இருக்கிறது. தாயாரின் பெயரும் உங்கள் பெயரும், உங்களுக்குள் உள்ள உறவும் ஒரே ரேஷன் அட்டையில் இருந்தால், அதை உறவுச் சான்றாகக் கொடுத்து, உங்கள் ஆதாரில் உள்ள முகவரியையே தாயாருக்கும் கேட்கலாம். உங்கள் கைபேசிக்கு வரும் தகவலைப் பார்த்து 30 நாட்களுக்குள் நீங்கள் ஒப்புதல் தர வேண்டும். தவறினால் விண்ணப்பம் ரத்தாகிவிடும். டிவிஷன் (தோட்டப் பிரிவு) பெயரும் லயன் வீட்டு எண்ணும் அச்சிட்ட ஆதாரை வைத்துக்கொண்டு ஓய்வு பெற்றவர்கள் அலைக்கழிவதை நம் மாவட்டத்தில் எங்கும் பார்க்கலாம். வீட்டைக் காலி செய்த மாதமே முகவரியை மாற்றிவிடுவது நல்லது.

கேள்வி: பள்ளி மாற்றுச் சான்றிதழில் ஒரு பிறந்த தேதி, ஆதாரில் வேறொரு தேதி. எது நிற்கும்?
– வாசகர், கோத்தகிரி

பதில்: பள்ளிச் சான்றிதழ்தான். 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதையே ஏற்றுக்கொண்டது. வருங்கால வைப்பு நிதி நிறுவனமோ அந்த ஆண்டு ஜனவரியிலேயே பிறந்த தேதிச் சான்றுகளின் பட்டியலிலிருந்து ஆதாரை நீக்கிவிட்டது. ஆதாரில் பிறந்த தேதியைப் பொதுவாக ஒரு முறைதான் திருத்தலாம் என்பதால், உரிய சான்றோடு சென்று, ஒப்புகைச் சீட்டில் உள்ள தேதியைச் சரிபார்த்த பிறகே மையத்தைவிட்டு வாருங்கள்.

கேள்வி: என் தாத்தா இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயில் வேலை பார்த்தவர். அவருடைய பழைய பாஸ்போர்ட் பெட்டியில் கிடக்கிறது. எல்லோரிடமும் ஆதார் இருக்கும்போது அதை இன்னும் வைத்திருக்க வேண்டுமா?
– வாசகர், கூடலூர்

பதில்: கட்டாயம் வைத்திருங்கள். விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 மாதங்களில் 182 நாட்கள் இந்தியாவில் வசித்தவர் ஆதார் பெறலாம். அது குடியுரிமைக்குச் சான்றாகாது என்று 2016ஆம் ஆண்டு ஆதார் சட்டத்தின் 9ஆம் பிரிவு தெளிவாகவே கூறுகிறது. உங்கள் தாத்தா போன்றவர்களோ, 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடியுரிமை பெற்று, தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கியவர்கள். காலாவதியான பாஸ்போர்ட் பயணத்துக்கு உதவாதே தவிர, அவர் இந்தியக் குடிமகனாகவே வந்தார் என்பதை இன்றும் காட்டும்.

இது பேரப்பிள்ளைகளுக்கு ஏன் வேண்டும் என்றால், 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவருக்குக் குடியுரிமை பெறப் பிறப்பே போதும்; அன்று முதல் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடியுரிமை உள்ளவராக இருக்க வேண்டும்; 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கோ, பெற்றோரில் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கவும் கூடாது. ஆகவே பேரனுடைய உரிமைக்குத் தந்தையின் ஆவணமும், தந்தையுடையதற்குத் தாத்தாவின் ஆவணமும் தேவைப்படலாம். சிறுவயதில் உடன்வந்த பிள்ளைகளின் பெயர்கள் பெற்றோரின் பாஸ்போர்ட்டிலேயே எழுதப்பட்டிருப்பதும் உண்டு. உங்கள் தந்தையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். தென்மேற்குப் பருவமழையின்போது உங்கள் பக்கம் பெட்டிக்குள் இருக்கும் தாளும் பூஞ்சை பிடிக்கும். ஈரம் புகாத உறையில் வையுங்கள். முத்திரைகளைப் பரிசோதிக்க இயலாமல் போகும் என்பதால் லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். எல்லாப் பக்கங்களையும் நகலெடுத்து, நகலை வேறோர் இடத்தில் வையுங்கள்.

கேள்வி: வாக்காளர் அட்டை தொலைந்துவிட்டது. வாக்களிக்க முடியுமா?
– வாசகி, உதகை

பதில்: பட்டியலில் பெயர் இருந்தால் முடியும். ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம் போன்றவற்றில் ஒன்றைக் காட்டலாம். ரேஷன் அட்டை அந்தப் பட்டியலில் இல்லை. வாக்காளர் சீட்டை மட்டும் காட்டினாலும் 2019 முதல் ஏற்பதில்லை. அட்டை கையில் இருந்தும் பட்டியலில் பெயர் இல்லாதவர் வாக்களிக்க முடியாது. பெயர் சேர்க்கப் படிவம் 6. முகவரி மாற்றத்துக்கும் தொலைந்த அட்டைக்கு மாற்று அட்டை பெறவும் படிவம் 8.