வார்டில் திறக்கும் கட்டுரை விடுதியில் ஏன் பூட்டிக்கொள்கிறது?

மருத்துவ நூலகம்: வாசகர் கேள்விகளும் நூலகர் பதில்களும்

கேள்வி: மதுரையில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் முதுநிலைப் பயிற்சி மருத்துவராக இருக்கிறேன். பகலில் நூலகக் கணினியில் தடையின்றித் திறக்கும் ஆய்விதழ்க் கட்டுரை, இரவில் விடுதியில் என் மடிக்கணினியில் டாலர் கணக்கில் பணம் கேட்கிறது. மருத்துவமனை சந்தா கட்டியிருக்கும்போது நான் ஏன் தனியாகக் கட்ட வேண்டும்?

பதில்: கட்ட வேண்டியதில்லை, அவசரத்தில் கட்டியும் விடாதீர்கள். பதிப்பகத்தின் கணினிக்கு உங்களைத் தெரியாது. உங்கள் மருத்துவமனையின் ஐபி முகவரிதான், அதாவது இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்தான், தெரியும். சந்தா கட்டும்போது மருத்துவமனை தன் ஐபி முகவரிகளைப் பதிப்பகத்திடம் பதிந்து வைத்திருக்கும். அந்த முகவரியிலிருந்து யார் கேட்டாலும், துறைத் தலைவரா நேற்றுச் சேர்ந்த மாணவரா என்று பாராமல் கட்டுரை திறக்கும். விடுதி இணைப்பின் முகவரி அந்தப் பட்டியலில் இல்லாததால் அங்கே நீங்கள் முன்பின் தெரியாதவர் ஆகிவிடுகிறீர்கள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வார்டில் நோயாளியின் கட்டிலருகே நின்றுகொண்டு கைப்பேசியின் சொந்த டேட்டாவில் தேடினாலும் நீங்கள் வெளியாள்தான். எங்களுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பல, "மருத்துவமனை வைஃபைக்கு மாறிப் பாருங்கள்" என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன.

வெளியிலிருந்து நுழைவதற்குப் பெரும்பாலான நூலகங்கள் வைத்திருக்கும் வழி, உங்களுக்காக இடையில் நின்று கேட்டு வாங்கித் தரும் கணினியான ப்ராக்ஸி சர்வர். அவற்றில் பரவலாகப் பயன்படுவது ஈஸிப்ராக்ஸி. அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு கல்லூரி நூலகராக இருந்த கிறிஸ் ஜாகர் 1999-இல் உருவாக்கிய இந்த மென்பொருள், 2008 முதல் நூலகங்களுக்குச் சேவை தரும் ஓசிஎல்சி நிறுவனத்தின் வசம் இருக்கிறது. நூலகத்தின் இணையப் பக்கத்தில் உங்கள் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து நுழைந்தால், அதன் பிறகு நீங்கள் கேட்கும் பக்கங்களை நூலகத்தின் சர்வரே பதிப்பகத்திடமிருந்து வாங்கி உங்களிடம் தருகிறது. மருத்துவமனைக்குள்ளிருந்து கேட்கிறார்கள் என்றே பதிப்பகம் எடுத்துக்கொள்கிறது. அது சரியாக வேலை செய்கிறதா என்று அறிய முகவரிப் பட்டையைப் பாருங்கள். பதிப்பகத்தின் பெயரில் உள்ள புள்ளிகள் பெரும்பாலும் சிறு கோடுகளாக மாறியிருக்கும். அதன் வாலில் உங்கள் நூலகத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வால் காணாமல் போனால் நீங்கள் வழியில் எங்கோ வெளியே வந்துவிட்டீர்கள் என்று பொருள். கூகுளில் தேடி நேரே பதிப்பகத்தின் பக்கத்துக்குப் போகிறவர்களுக்கு நேர்வது இதுதான். ஆகவே எப்போதும் நூலகப் பக்கத்திலிருந்தே புறப்படுங்கள். கூகுள் ஸ்காலரில் தேடித்தான் பழக்கம் என்றால், அதன் அமைப்புகளில் 'நூலக இணைப்புகள்' என்ற பகுதியில் உங்கள் நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள். நூலகம் பதிவு செய்திருந்தால், தேடல் முடிவுகளின் ஓரத்திலேயே உங்கள் நூலகத்துக்கான இணைப்பு தெரியும்.

சில மருத்துவமனைகள் ப்ராக்ஸிக்குப் பதிலாக விபிஎன் தருகின்றன; வெளியிலுள்ள உங்கள் கணினியை மருத்துவமனை வலையமைப்போடு இணைக்கும் மென்பொருள் அது. விபிஎன் இணைந்துவிட்டதாகத் திரை சொல்லியும் கட்டுரை திறக்காவிட்டால், நோயாளிப் பதிவேடு போன்ற உள் மென்பொருள்களை மட்டும் அதன் வழியே அனுப்பி, மற்ற இணையப் போக்குவரத்தை உங்கள் வீட்டு இணைப்பிலேயே விடும்படி அது அமைக்கப்பட்டிருக்கலாம். விபிஎன்னை இணைப்பதற்கு முன்னும் பின்னும் உங்கள் ஐபி முகவரியைக் காட்டும் தளம் ஒன்றைத் திறந்து பாருங்கள். எண் மாறவில்லையென்றால் காரணம் அதுவே. அதைக் கணினிப் பிரிவினர்தான் சரிசெய்ய முடியும். நூலகரிடம் கோபித்துப் பயனில்லை.

கேள்வி: மருத்துவமனைக் கணக்கின் வழியாக என் கைப்பேசியில் மருத்துவக் குறிப்புகள் தரும் அப்டுடேட் செயலியை வைத்திருந்தேன். மூன்று மாதம் பேறுகால விடுப்பில் இருந்தேன். இப்போது அது என்னை உள்ளே விடவில்லை. கணக்கை நீக்கிவிட்டார்களா?

பதில்: நீக்கியிருக்க மாட்டார்கள். நிறுவனச் சந்தாவின் கீழ் அப்டுடேட் தரும் தனிக் கணக்குகளில், நீங்கள் இன்னும் அந்த நிறுவனத்தில்தான் இருக்கிறீர்கள் என்பதை 90 நாளுக்கு ஒரு முறை உறுதிப்படுத்த வேண்டும். மருத்துவமனை இணைப்பிலிருந்து ஒரு முறை உங்கள் கணக்கில் நுழைந்தால் போதும். புதுக் கணக்குத் தொடங்காதீர்கள்; பழைய கணக்கில் சேர்ந்த தொடர் மருத்துவக் கல்விப் புள்ளிகள் அங்கேயே தங்கிவிடும்.

கேள்வி: ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் வந்த பிறகு எல்லா மருத்துவர்களும் எல்லா இதழ்களையும் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்கிறார்களே?

பதில்: எல்லா மருத்துவர்களும் அல்ல. மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் அளித்த இந்தத் திட்டத்தில், 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் இதில் அடங்கும். ஆனால் இது மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் உரியது. அரசு மருத்துவக் கல்லூரியில் இருப்பவர், தம் கல்லூரி பதிவு செய்திருக்கிறதா என்று முதலில் நூலகத்தில் கேட்க வேண்டும். வெளியிலிருந்து படிப்பதற்கு, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் மத்திய அரசு மையமான, காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் நடத்தும் இன்ஃபெட் என்ற நுழைவுக் கூட்டமைப்பு இருக்கிறது. அதில் கல்லூரி சேர்ந்திருந்தால், பதிப்பகப் பக்கத்திலேயே 'நிறுவனம் வழியாக நுழைக' என்பதைத் தேர்ந்து, கல்லூரியின் பெயரைச் சுட்டி, கல்லூரி தந்த கணக்கைக் கொண்டு நுழையலாம். இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் மருத்துவமனைகளில் பணிபுரிந்தவர்களுக்கு ஓப்பன்ஏதென்ஸ் என்ற நுழைவுச் சேவை வழியாக இந்த முறை பழகியிருக்கும். இந்த முறையில் அடையாளம் காணப்படுவது இணைப்பு அல்ல, ஆள்.

கேள்வி: மருத்துவமனை வேலையை விட்டுக் காரைக்குடியில் சொந்தக் கிளினிக் வைத்திருக்கிறேன். பழைய ஜூனியர் ஒருவர் தம் கடவுச்சொல்லைக் கொடுத்திருக்கிறார். பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். சந்தா ஒப்பந்தம் பணியில் இருப்பவர்களுக்கும் மாணவர்களுக்கும் உரியது. தவறு நடந்தால் மாட்டிக்கொள்பவர் உங்கள் ஜூனியர். முன்பு நான் பணியாற்றிய ஓரிடத்தில், கடன் வாங்கிய கடவுச்சொல்லால் ஒருவர் மென்பொருள் வைத்து ஓர் இதழின் பழைய தொகுதிகளை ஒரே இரவில் இறக்கினார். விடிந்ததும் பதிப்பகம் எங்கள் முகவரியையே முடக்கிவிட்டது. அன்று காலை அறுவை அரங்கிலிருந்து ஒரு கட்டுரை கேட்டு வந்த அழைப்புக்கு நான் கையை விரிக்க வேண்டியதாயிற்று.

உங்களுக்கு வேறு வழிகள் உண்டு. கட்டுரைச் சுருக்கங்களுக்கு 1997 முதல் இலவசமாகக் கிடைக்கும் பப்மெட்டும், முழுக் கட்டுரைகளுக்கு 2000-இல் தொடங்கிய பப்மெட் சென்ட்ரலும் இருக்கின்றன. அங்கே கிடைக்காத கட்டுரையைக் கேட்டு அதன் ஆசிரியருக்கே மின்னஞ்சல் எழுதுங்கள். பலர் மகிழ்ச்சியோடு அனுப்புகிறார்கள். பல ஒப்பந்தங்கள், நூலகத்துக்கு நேரில் வருகிறவர் அங்குள்ள கணினியில் அமர்ந்து படிப்பதை அனுமதிக்கின்றன. உங்கள் பழைய மருத்துவமனை நூலகத்துக்கு வெளியார் வரலாமா என்று முதலில் ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுக்கொள்ளுங்கள்.